வருக வருக, வருவாயே வருக!

ஒன்டாரியோ மாகாணத்துக்கு நன்றியுணர்ச்சி என்று ஒன்று இருந்திருந்தால், டொராண்டோ பியர்சன் விமான நிலைய வாசலில் இந்நேரம் ஒரு சிலை நின்றிருக்க வேண்டும். ஆளுயரச் சிலை. முதுகில் லேப்டாப் பை. இரண்டு கையிலும் இருபத்துமூன்று கிலோவுக்கு இம்மியும் கூடாமல் எடை பார்த்துக் கட்டிய பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் பிரஷர் குக்கர், குக்கருக்குள் இடம் வீணாகக் கூடாதென்று அம்மா திணித்த பருப்புப்பொடி. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கவரில் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். பீடத்தில், 'எங்கள் பட்ஜெட் பற்றாக்குறையைத் தீர்த்து வைத்த வள்ளல்' என்று பொன்னெழுத்தில் பொறிக்கலாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'வாடகை ஏறியதற்கும் இவனே பொறுப்பு' என்று சேர்த்துவிட்டால் வரலாறு முழுமையாகிவிடும்.

வள்ளல் என்று சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 2019ல் டக் ஃபோர்டின் மாகாண அரசு உள்ளூர்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. அடுத்து, ஏறவே கூடாது என்று பூட்டுப் போட்டது. ஓட்டுப் போடுகிறவர்கள் கைதட்டினார்கள். குறைந்த பணத்தை அரசு கஜானாவிலிருந்து கொடுத்ததா? கொடுக்கவில்லை. கல்லூரிகளும் பெரிதாக முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் பணம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2021ல் மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் அரசுக் கல்லூரிகளின் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்: படிப்பவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம், கட்டண வருமானத்தில் அவர்கள் கட்டியது 68 சதவீதம். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள். ஆக, திருச்செங்கோட்டில் ஒரு அப்பா வங்கியில் கொண்டுபோய் வைத்த வீட்டுப் பத்திரம்தான், மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கிடைத்த கட்டணச் சலுகை. ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் செய்யும் உதவியைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். திருச்செங்கோடு கனடாவுக்குச் செய்யும் உதவியைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. எழுதினால் வட்டி விகிதத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

இந்த உதவியைத் திரட்டித் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில், கோயம்புத்தூரில் நட்சத்திர ஹோட்டல் ஹாலைப் பிடித்து, நுழைவாயிலில் மேப்பிள் இலைத் தோரணம் கட்டி, கல்விக் கண்காட்சி என்று நடத்துவார்கள். கோட் போட்ட பையன் ஒருவன், 'சார், எங்க சர்வீஸ் டோட்டலி ஃப்ரீ' என்பான். அப்பாவுக்குப் புல்லரித்துவிடும். இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா! ஆட்டுச் சந்தையில் ஆட்டிடம் யாரும் தரகு வாங்குவதில்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராது. அதே தணிக்கை அறிக்கையில் தரகுக் கணக்கும் இருக்கிறது. ஒன்டாரியோ அரசுக் கல்லூரிகள் ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிகளுக்கு 2020–21 என்ற ஒரே கல்வியாண்டில் கொடுத்த கமிஷன் 11 கோடியே 40 லட்சம் டாலர். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் கிடந்த வருடம் அது. ஆள் நடமாட்டமே இல்லாத காலத்து அறுவடை.

பையனுக்கு எது படிக்க ஆசை என்று கோட்டுப் பையன் கேட்க மாட்டான். எந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி எத்தனை சதவீதம் தருகிறது என்பது அவன் லேப்டாப்பில் இருக்கிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடம் வேலையும் பார்த்தவனை 'குளோபல் பிசினஸ் மேனேஜ்மென்ட்' டிப்ளமோவில் உட்கார வைத்துவிடுவான். அங்கே அவனுக்கு முதல் வாரம் எக்செல்லில் கூட்டல் போடச் சொல்லித் தருவார்கள்.

இதுவாவது பரவாயில்லை, படிப்பு நிஜம். ஜலந்தரில் ஒரு ஏஜென்ட் சேர்க்கைக் கடிதத்தையே தானே அடித்துக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்து கனடா விசா கொடுத்தது, எல்லையில் முத்திரை குத்தியது. பிள்ளைகள் வேறு கல்லூரியில் சேர்ந்து படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், வரி கட்டினார்கள். வருடங்கள் கழித்து நிரந்தர வதிவுரிமைக்கு மனுப் போட்டபோதுதான் கடிதம் போலி என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தது. 2023ல் அவர்களை நாடு கடத்தக் கிளம்பினார்கள். பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு, ஏமாற்றியவன் யார், ஏமாந்தவன் யார் என்று பிரித்துப் பார்க்கலாம் என்று மனம் இரங்கினார்கள். கடிதம் நிஜமா என்று கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்த்துவிடலாம் என்ற ஞானம் குடிவரவுத் துறைக்கு 2023 டிசம்பர் 1 அன்றுதான் உதித்தது. அதுவரை அந்த நாட்டில் மின்னஞ்சல் இல்லை போலிருக்கிறது.

விசாவுக்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு, ஜி.ஐ.சி. வருகிறவனிடம் ஒரு வருடம் பிழைக்கப் பணம் இருக்கிறதா என்று பார்க்க, பெரும்பாலும் கனடிய வங்கி ஒன்றில் முன்கூட்டியே தொகை கட்டச் சொல்வார்கள். பல வருடங்களாக அது 10,000 டாலர். 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் 22,895. ரூபாயில் பதினான்கு லட்சத்தைத் தாண்டும். வந்து இறங்கியதும் வங்கி ஒரு பகுதியைக் கொடுக்கும், மீதியை மாதாமாதம் பிரித்துக் கொடுக்கும். நம் பணம், நம் பெயர், நம் கணக்கு. ஆனாலும் மாதப் பிறப்பில் அது வந்து விழும்போது பையனுக்கு யாரோ சம்பளம் போட்டதுபோல ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் வங்கி சேவைக் கட்டணம் பிடிக்கிறது.

சரி, கல்லூரிக்கு வருவோம். கண்டுபிடித்து வருவதுதான் சிரமம். வட ஒன்டாரியோவில் சுரங்கமும் காடும் பனியுமாக உள்ள ஊர்களில் சில அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆள் சேராது. அதனால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி டொராண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில் தனியார் கம்பெனிகளோடு கூட்டு வைத்துக்கொண்டார்கள். பெயர் அரசுக் கல்லூரியுடையது, சான்றிதழ் அதனுடையது, பாடம் நடத்துவது கம்பெனி, கட்டணத்தில் ஆளுக்குப் பங்கு. பையன் ஊரில் இணையத்தில் பார்த்த படம் ஏரியும் பைன் மரமும். இங்கே வந்து கூகுள் மேப் காட்டிய இடத்தில் நின்றால், கீழே பல் டாக்டர், பக்கத்தில் வாகனம் ஓட்டப் பழக்கும் கடை, மாடியில் பல்கலைத் தோற்றத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு. நூலகம் எங்கே என்று கேட்டவனுக்கு, 'ஆன்லைன்ல இருக்கு' என்று பதில் கிடைத்தது. கேன்டீன் எங்கே என்று அவன் கேட்கவில்லை, பிளாசாவில் ஷவர்மா கடை இருந்தது.

இப்படி ஒரு கல்லூரி, இருக்கிற நாற்காலிகளைவிட அதிகமாகச் சேர்க்கைக் கடிதம் அடித்துவிட்டது. 2023 ஆகஸ்டில், வகுப்புத் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, சுமார் 500 பேரின் கடிதங்களை ரத்து செய்தது. டிக்கெட் எடுத்தவர்கள், வேலையை விட்டுவிட்டு வழியனுப்பு விருந்து சாப்பிட்டவர்கள், ஏர்போர்ட்டில் மாலை போடக் காத்திருந்த சித்தப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். சினிமா தியேட்டரில்கூட ஹவுஸ்ஃபுல் பலகையைக் கவுன்ட்டருக்கு வெளியே வைப்பார்கள். இங்கே உள்ளே விட்டபிறகு வைத்தார்கள்.

அந்த வருட டிசம்பரில் மத்திய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் கோபமாகப் பேசினார். சில கல்லூரிகள் நாய்க்குட்டிகளை மொத்தமாக ஈனவைத்து விற்கும் பண்ணைகளைப் போல டிப்ளமோக்களைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்றார். நல்ல கோபம். ஆனால் பண்ணைக்கு உரிமம் கொடுத்தது மாகாண அரசு, ஒவ்வொரு குட்டிக்கும் விசா ஒட்டியது அவருடைய துறை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். தண்டனை மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது: 2024 மே 15 முதல் இந்தக் கூட்டுக் கல்லூரிகளில் சேர்கிறவர்களுக்குப் படித்து முடித்தபின் வேலை செய்யும் அனுமதி கிடையாது. கல்லூரி நிர்வாகிகள் யாராவது நாடு கடத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

இனி வீடு. இங்கே நான் நம்மவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, படிக்கிறவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம்.

நண்பரின் மகன் ஒருவனுக்கு அறை பார்க்க ஸ்கார்பரோவில் ஒரு வீட்டுக்குப் போனோம். தமிழ்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டில் கிடைத்த முகவரி. செங்கல் வீடு, வாசலில் இரண்டு கார், கதவுக்கு மேல் பிள்ளையார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வீட்டுக்கார ஐயா எங்களைப் படியிறக்கிக் கீழே கூட்டிப் போனார். கடைசிப் படியில் பையன் நிமிர்ந்தான், உச்சந்தலையில் ஹீட்டர் குழாய் இடித்தது. 'பாத்து வாங்கோ தம்பி, பழகீரும்' என்றார். பேஸ்மென்ட் ஹாலை நடுவில் திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். தரையில் நான்கு மெத்தைகள். ஜன்னல் என்ற பெயரில் கூரையை ஒட்டி ஒரு கண்ணாடிப் பட்டை, வெளியே பனி விழுந்தால் அதுவும் மூடிவிடும். சமையல் அடுப்புக்கு நேர் மேலே புகை அறிவிப்பான், அதன் மேல் குளிக்கும்போது தலையில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். தாளித்தால் கத்துகிறதாம். தீப்பிடித்தாலும் அது கத்தாது. ஓடிப்போக வேறு வழி இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன், வந்த படிதான்.

'சமையல் எட்டு மணிக்கு முந்தி முடிச்சுப் போட வேணும். மீன் பொரிக்கேலாது, மணம் மேல வருது. உடுப்புத் தோய்க்கிறது ஞாயிறு மட்டும். ஹீட்டர நாங்கள் மேலயிருந்து பாப்பம், நீங்கள் யோசிக்கத் தேவையில்ல.'

'எத்தன பேர் அங்கிள் இருக்காங்க?' என்றான் பையன்.

'இப்ப நாலு பேர்தான். எல்லாம் நல்ல பொடியள். மாசம் 650. முதல் மாசமும் கடைசி மாசமும் முன்னுக்குத் தர வேணும். காசாத் தாங்கோ.'

'ரசீது குடுப்பீங்களா?'

ஐயா முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. 'ரசீதோ? நாங்கள் தமிழாக்கள்தானே தம்பி. எங்களுக்குள்ள என்ன ரசீது?'

தமிழுணர்வுக்கு இப்படியொரு வரிவிலக்கு இருப்பது தெரியாமல் எத்தனையோ மாநாடுகளில் வெறுமனே முழக்கம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒன்டாரியோ சட்டப்படி குடியிருப்பவர் கேட்டால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். டொராண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பம் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆனால் சட்டத்தில் ஒரு பொந்தும் இருக்கிறது: உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்கிறவனுக்கு வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டமே பொருந்தாது. ஆகவே விஷயம் தெரிந்த ஐயாக்கள் சிலர், கீழே இருக்கும் ஃபிரிட்ஜில் தங்கள் வீட்டு உறைந்த மீன் ஒரு பையை வைத்துவிடுகிறார்கள். சமையலறை பகிரப்பட்டுவிட்டது. பாதுகாப்பு உள்ளவன் புகார் கொடுத்தாலும் சீக்கிரம் தீராது; வீட்டுரிமையாளர் வாடகைதாரர் வாரியத்தில் வழக்குகள் மலைபோல் குவிந்து கிடப்பதை 2023ல் மாகாணக் குறைகேள் அதிகாரியே கண்டித்து எழுதினார். அவன் வழக்கு முடிவதற்குள் பையனின் விசா முடிந்துவிடும்.

நான் தயங்கியதைப் பார்த்து ஐயா ஆறுதல் சொன்னார். 'நாங்கள் வரேக்க ஒரு அறையில எட்டுப் பேர் படுத்தனாங்கள்.' பொய்யில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பட்ட பாடு இந்த ஊரின் பேஸ்மென்ட் சுவர்களுக்குத் தெரியும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் தூக்கி ஏற்றினார்கள். கரை சேரும்வரை மீன் பொரிக்கக் கூடாதென்றோ, முதல் மாதமும் கடைசி மாதமும் முன்னுக்குத் தா என்றோ அந்த மீனவர்கள் நிபந்தனை போட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. பட்ட துன்பம் சிலரிடம் இரக்கமாகத் தங்கியிருக்கிறது. இன்ன தேதி என்று இல்லாமல் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிற அம்மாக்கள் இதே தெருவில் இருக்கிறார்கள். சிலரிடம் அது விலைப்பட்டியலாகத் தங்கியிருக்கிறது. எட்டுப் பேர் படுத்தோம், நாலு பேர்தான் போடுகிறோம், ஆகவே ஐம்பது சதவீத முன்னேற்றம்.

பிராம்ப்டனில் பஞ்சாபிகள் செய்வதும் இதேதான், எண்ணிக்கைதான் பெரிது. இனம், மொழி என்ற பேதமெல்லாம் வாடகை விஷயத்தில் நம்மவர்கள் பார்ப்பதில்லை.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கார்பரோவுக்கென்று ஓடிக்கொண்டிருந்த பழைய சிறு ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது, அத்தோடு அதை மூடிவிட்டார்கள். புதிய சுரங்க ரயில் வரும் வரை பஸ். அந்த பஸ்ஸில் விடியற்காலை நான்கரைக்கு ஏறிப் பாருங்கள். டொராண்டோவில் படிக்கிற மாணவர்களை அதிகமாகப் பார்க்கக்கூடிய இடம் அதுதான். எல்லோருடைய காலிலும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. வேர்ஹவுஸ் வாசலில் அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் அதே ஷூவோடு ஒன்பது மணி வகுப்புக்கும் போகிறார்கள். 'தலைமைப் பண்பு' பாடம் நடக்கும்போது பின்வரிசையில் தூங்குகிற பையனின் காலடியில் அந்த ஷூதான் விழித்திருக்கும்.

வேலை நேரம் பற்றி அரசு நடத்திய ஆராய்ச்சிகள் தனிப் பெருமைக்குரியவை. செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வெளியே வேலை செய்யலாம், அதற்கு மேல் போனால் படிப்புக் கெடும் என்பது பழைய விதி. 2022 நவம்பரில் கடைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. உடனே மாணவன் எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் படிப்புக் கெடாது என்று தெரியவந்தது. 2024 மே மாதம் பிறந்ததும் மறுபடி கெட ஆரம்பித்தது. இப்போது 24 மணி நேரம் வரை கெடாது என்பது நிலவரம். மனித மூளை கனடிய முதலாளிகளின் தேவைக்கு ஏற்பச் சுருங்கி விரிவதை உலகில் வேறு எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு துல்லியமாக நிறுவியதில்லை.

ஒரு சின்னப் பெருக்கல் போடுங்கள். ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். வாரம் 24 மணி நேரம், வருடம் 52 வாரமும் காய்ச்சல், பரீட்சை, தீபாவளி எதுவும் இல்லாமல் உழைத்தால், பிடித்தம் போகுமுன் 21,965 டாலர். ஒரு ஆள் ஒரு வருடம் பிழைக்க 22,895 வேண்டும் என்பது அதே அரசின் கணக்கு. கல்லூரிக் கட்டணம் அதில் சேராது. லீவு நாளில் கூடுதல் நேரம் வேலை பார்க்கலாம் என்கிறார்கள், அதில் ஒரு செமஸ்டர் கட்டணத்தின் வாலைக்கூடப் பிடிக்க முடியாது. மீதியை அப்பா கொடுப்பார் என்பது கனடாவின் பொருளாதாரக் கோட்பாடு. அப்பா கொடுக்க முடியாதபோது என்ன ஆகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்: பையன் கையில் காசுக்கு வேலைக்குப் போகிறான். ரெஸ்டாரன்ட் கிச்சனில் மணிக்குப் பத்து டாலர், சில இடங்களில் அதுவும் இல்லை. புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது அவன்தான் என்பது முதலாளிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அங்கேயும், 'நம்ம பையன்தானே' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நல்ல வேலை கேட்டுப் போனால் கனடிய அனுபவம் உண்டா என்பார்கள். கோயம்புத்தூரில் லேத் ஓட்டினால் அது அனுபவம் இல்லை, இரும்பு அங்கே வேறு மாதிரி. அப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே சொல்லியாயிற்று. விளம்பரத்தில் கேட்கக் கூடாது என்ற தடை 2026 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. இனி விளம்பரத்தில் கேட்க மாட்டார்கள், நேர்காணலில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

படிப்பு முடிந்ததும் அடுத்த கடை திறக்கும், எல்.எம்.ஐ.ஏ. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசிடம் வாங்குகிற காகிதம் அது. நிரந்தர வதிவுரிமைப் புள்ளிக் கணக்கில் அதற்கு மதிப்பெண் இருந்த வரை, அந்தக் காகிதத்தைப் பையனிடமே பல்லாயிரம் டாலருக்கு விற்றார்கள். வேலைக்காரன் முதலாளிக்குச் சம்பளம் கொடுக்கிற புரட்சிகரமான ஏற்பாடு. 2025 மார்ச்சில் அரசு அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டது. ஏற்கெனவே கடன் வாங்கிக் காகிதம் வாங்கியவனுக்குக் காகிதம் மிச்சம்.

இதற்கிடையில் வயிறு என்று ஒன்று இருக்கிறது. பிராம்ப்டனில் ஓர் உணவு வங்கி, வெளிநாட்டு மாணவர்களுக்கு இனி இங்கே கிடையாது என்று 2023ல் அறிவித்தது. கையில் பணம் இருப்பதாகக் காட்டித்தானே விசா வாங்கினீர்கள் என்பது வாதம். ஏழைகளுக்கான அரிசி மூட்டையைக் காக்க அன்றைக்குக் காட்டிய சுறுசுறுப்பைக் கல்லூரிகளின் கல்லாப்பெட்டி பக்கம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. டிக்ஸி சாலை குருத்வாராவில் மட்டும் யாரும் விசாவைக் கேட்பதில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் ரொட்டி விழுகிறது, பருப்பு விழுகிறது. நம் பையன்களும் போய்ச் சாப்பிடுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோடிகளில் வசூல் செய்கிற நம் கோயில்கள் சில சனிக்கிழமை பிரசாதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. தினமும் போட்டால் பிள்ளைகள் தினமும் வந்துவிடுவார்களே என்ற கவலை நிர்வாகக் குழுவுக்கு.

வீட்டுக்கு வீடியோ கால் பேசும்போது பையன் எங்கே உட்காருகிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? சுவரில் சாய்ந்து, போனைக் கொஞ்சம் மேலிருந்து கீழாகப் பிடிப்பான். கூரை தெரியக் கூடாது. 'சாப்பிட்டியா?' 'சாப்ட்டேன்மா.' 'குளிருதா?' 'ஹீட்டர் இருக்கும்மா.' வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நயாகரா. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு அதே கன்சல்டன்சிக்குப் போகிறார்.

சில வீடுகளுக்கு அந்த அழைப்பு நின்றுவிடுகிறது. ஏரியில் மூழ்கினான், தூக்கத்திலேயே போய்விட்டான், தானே முடித்துக்கொண்டான் என்று ஏதோ ஒரு செய்தி வரும். உடலை ஊருக்கு அனுப்ப இணையத்தில் நிதி திரட்டுவார்கள். ஐந்து டாலர், பத்து டாலர் என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் அவனைப் போலவே பேஸ்மென்ட்டில் இருக்கிற பிள்ளைகள். வள்ளலை ஊருக்கு அனுப்பி வைக்கும் செலவுக்குக் கல்லூரிகளின் உபரி நிதியில் எந்தத் தலைப்பும் இல்லை. கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதிமுறையில் தேதி தாண்டிவிட்டதா என்று வேண்டுமானால் பார்த்துச் சொல்வார்கள்.

2023 கடைசியில் கனடாவில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். யாரும் எல்லைச் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் விண்ணப்பக் கட்டணம் வாங்கி, கைரேகை பதிந்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார்கள். அப்புறம் ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது, ஐயையோ, இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று நெஞ்சில் கைவைத்தார்கள். 2024 ஜனவரி 22 அன்று புதிய அனுமதிகளை 35 சதவீதம் குறைத்து சுமார் 3,60,000 என்று வரம்பு கட்டினார்கள். பல பத்தாண்டுகளாக அரசு வீடு கட்டாமல் விட்டதும், வீட்டை வாங்கி வாங்கி விற்றுச் சூதாடியதும் ஒரே நாளில் மறந்துபோயின. வாடகை ஏன் ஏறியது? மாணவன். ஆஸ்பத்திரியில் ஏன் கூட்டம்? மாணவன். மாகாண மருத்துவக் காப்பீட்டில் அவனுக்கு இடமே இல்லை, தனியாகப் பிரீமியம் கட்டுகிறான் என்பதை டி.வி. விவாதத்தில் யாரும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நான்கில் ஒரு மெத்தையில் படுத்திருந்தவன் கனடாவின் வீடுகளையெல்லாம் விழுங்கிவிட்டான் என்று பஸ்ஸில் அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

போகச் சொன்னபடி அவனும் வருவதை நிறுத்திக்கொண்டான். 2025ல் ஒன்டாரியோ கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வேலை போயிற்று, நூற்றுக்கணக்கான படிப்புகளை நிறுத்தினார்கள். பிளாசா மாடிகளில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது ஊர்வலம் போகிறவர்களிடம் கேட்டால், இத்தனை காலம் அதைக் காப்பாற்றியது யார் என்ற கேள்விக்கு இருமல் வரும்.

டொராண்டோ வாடகையும் கொஞ்சம் இறங்கியது. போன வாரம் தமிழ்க் கடையில் அந்த ஐயாவைப் பார்த்தேன். அதே சுவரில் புதிய சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். 500 டாலர், வைஃபை இலவசம். சீட்டின் அடியில், மீன் சமைக்கலாம் என்றுகூட எழுதியிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். 'மோர்ட்கேஜ் கட்டேலாமக் கிடக்கு. கவர்மென்ட் இப்பிடி அநியாயம் செய்யக் கூடாது கண்டியளோ, பிள்ளையளின்ர படிப்பெல்லே பாழாப் போகுது. உங்கட ஊரிலயிருந்து ஆரும் பொடியள் வருகினமோ?'

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இந்த முறை குழாயில் இடிக்காத உயரத்தில் ஒருவனாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். 'அஞ்சடி நாலு எண்டா நல்லது' என்றார், சிரிக்காமல்.